நடுவில் நகர்ந்த கோடுகள்

என் மனைவி மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள். நாற்பத்தேழு வயதில் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்துக்கொண்டிருந்தாள். ஒப்படைக்கக் கடைசி நாள் ஐப்பசி பிறந்து வரும் முதல் வெள்ளி. நான்கு நாள் முன்பு, திங்கள் மாலை, சிக்கல் ஆரம்பித்தது.

அவள் ஆராய்ந்தது வெள்ளம் தாங்கும் நெல்லில் உள்ள ஒரு புரதத்தை. பல வகை நெல்லிலும் புல்லிலும் இருக்கும் அதே புரதத்தின் அமைப்பை எழுத்து வரிசைகளாக்கிக் கொடுத்தால், கணினி ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கித் தரும். எழுத்து குறையும் இடத்தில் சிறு கோடு போடும். மூழ்கியும் பிழைக்கும் வகைகளில் மட்டும் கோடுகள் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. கடைசி அத்தியாயமே அதன்மேல்தான் நின்றது.

அந்த அடுக்கை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க, வரிசைகளைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் போட்டு மறுபடி அடுக்க வைத்தாள். நம்பத்தக்கது என்றால் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கோடுகள் அங்கேயே விழ வேண்டும். இரண்டு ஓரமும் அசையவில்லை. நடுவில், அவளுக்கு வேண்டிய இடத்தில், கோடுகள் நகர்ந்துவிட்டன.

நான் வலங்கைமான் வட்டத்தில் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவன். உட்கார முடியாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். தேர்வாளர்கள் யாரும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை, முதல் அடுக்கே இருக்கட்டும் என்று மூன்று தடவை சொன்னேன்.

"வரப்புத் தகராறுல ஒரு பக்கமா மட்டும் சங்கிலி பிடிச்சுட்டு வந்துடுவீங்களா?" என்றாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

வந்ததில்லை. மறுமுனையிலிருந்தும் அளக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் அங்கே இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்பார்கள் என்றேன்.

"இங்க நான் நிக்கிறேன்ல."

செவ்வாய் காலை வழிகாட்டிப் பேராசிரியருக்கு போன் செய்து சொன்னாள். அவர் வெகுநேரம் பேசினார். அப்படியானால் இன்னும் ஆறு மாதம் ஆகும் என்றது எனக்கே கேட்டது. "சரிங்க சார்" என்று வைத்தாள். நெருங்கிய இனங்களின் வரிசைகளை இன்னும் சேர்த்தால் நடுப்பகுதி நிலைக்கலாம், நிலைக்காமலும் போகலாம் என்றாள்.

கோடுகள் நகராத மிச்சத்தையாவது எழுதிக் கொடுத்துவிடக் கூடாதா என்று கேட்டேன்.

"மிச்சத்துல மூழ்கிச் சாகுற நெல்லும் பிழைக்கிற நெல்லும் ஒரே மாதிரிதாங்க இருக்கு. அதைச் சொல்ல நான் எதுக்கு?"

வெள்ளிவரை போட்டிருந்த விடுப்பை ரத்து செய்துவிட்டு, புதன்கிழமை வகுப்புக்குக் கிளம்பினாள். பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். முதல் அடுக்கே இருக்கட்டும் என்று நான்காவது தடவை சொல்லவில்லை.