நாலு சுற்றா, மூணு சுற்றா

போன வாரம் நாகர்கோவிலில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்து ஒர்க்ஷாப்பில் யாரோ ஒரு லாரியின் பின் அச்சைத் திறந்தார்கள். கியர் ஆயில் வாடை குப்பென்று வந்தது. அழுகின முட்டையும் தீக்குச்சி மருந்தும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம். நின்றவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் இரண்டடி முன்னால் போனேன். "இதையும் மோந்து பாக்கியே, உனக்கென்ன கிறுக்கா?" என்றார் கூட வந்த என் வீட்டுக்காரர் சேவியர். மோந்து பார்த்தேன்தான். அதில் யாருக்கு என்ன நட்டம்?

எனக்கு அது முசஃபாவின் வெள்ளிக்கிழமை வாசனை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் நான் அபுதாபியில் நர்ஸ். வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு. காலையில் பூசை, பூசை முடிந்தால் பிரியாணி, பிரியாணி முடிந்தால் ஊர்க்காரர்களெல்லாம் தூங்கப் போவார்கள். நான் முசஃபாவில் இருந்த லாரன்ஸின் காரேஜுக்குப் போவேன். காரணம் என் வண்டி.

அந்த வண்டி வந்த கதை சின்னது. கால் முறிந்து வந்த ஓர் அமெரிக்க இன்ஜினியருக்கு மாதக்கணக்கில் கட்டுப் போட்டுவிட்டேன். மனுஷன் நாட்டை விட்டுப் போகும்போது, கேட்பாரற்று நின்ற தன் பழைய காரை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். கரும்பச்சை நிறம், இரண்டே கதவு, முன்மூக்கு மட்டும் அரைத் தெரு நீளம். என்னைவிட இரண்டு வயது மூத்தது. எங்கள் ஜெபக்குழு முழுக்கச் சிரித்தது. "சிஸ்டருக்கு எதுக்கு இந்த எருமை? சின்னதா ஒரு ஜப்பான் வண்டி பாக்கக் கூடாதா?" என்றார்கள். ஊரில் வீடு கட்டிக் கை வறண்டு கிடந்த காலம். அது போக, எனக்கு அந்த எருமையைப் பிடித்துவிட்டது. ஒரு பொம்பளை தனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் அது ஒரு காரணம் ஆகாதா?

சேவியருக்கும் பிடித்தது, ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து. அங்கே லைசன்ஸ் டெஸ்ட் என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. நான் இரண்டாம் தடவையில் பாஸ். அவர் எத்தனையாம் தடவை என்று கேட்காதீர்கள், இன்றைக்கும் கோபம் வரும். வண்டி, லைசன்ஸ், ஸ்டியரிங் மூன்றும் என் கையில். ஆனாலும் காரேஜில் நான் என்ன கேட்டாலும் லாரன்ஸ் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். லாரன்ஸுக்குக் குளச்சல் பக்கம். நல்ல மனுஷன், நல்ல வேலைக்காரர். இந்த ஒரு வியாதிதான்.

என்னைப் பிதா சாயித் என்ற பாலைவன ஊரில் ஒரு கிளினிக்குக்கு மாற்றியபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது. ஷாபியாவில் இருந்த எங்கள் ஃபிளாட்டிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். வாரம் முழுக்க அங்கே குவார்ட்டர்ஸில், வியாழன் டூட்டி முடிந்து வீட்டுக்கு. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். வளைகுடாவில் இப்படி ஒரு நிலை வந்தால் எல்லாரும் ஒரே மருந்தைத்தான் எழுதுவார்கள்: பிள்ளையை ஊருக்கு அனுப்பு. என் மாமியார் போனில் சொன்னார், ஜெபக்குழு சொன்னது. சேவியர் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார். "வாராவாரம் நீ ஒழுங்கா வந்தியன்னா பிள்ள இங்க இருக்கட்டும். இல்லன்னா அடுத்த லீவுல ஊருல விட்ருவோம்" என்றார். சரி என்றேன்.

ஆனால் வண்டி ஒத்துழைக்க வேண்டுமே! அந்த இன்ஜினியர் பந்தயப் பிரியர். சிக்னல் பச்சையானதும் வண்டி பாய வேண்டும் என்பதற்காகப் பின் அச்சில் பந்தய கியர் போட்டிருந்தார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, இன்ஜினிலிருந்து வரும் தண்டு நாலு சுற்றுக்கும் மேல் சுற்ற வேண்டும். ஊருக்குள் ராஜநடை. நெடுஞ்சாலையில் ஒரே அலறல். வேகம் நூற்றிருபதைத் தாண்டினால் அங்கே மற்ற வண்டிகளில் டிங் டிங் என்று மணியடிக்கும். என் வண்டியில் மணி எதற்கு? பாதி வழியில் தரீஃப் என்ற ஊர் வரும்போதெல்லாம் இன்ஜின் கொதித்துவிடும். சூட்டை இறக்குவதற்காக ஆகஸ்ட் மாதத்தில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டியவள் நான். வேண்டுமானால் நீங்களும் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

லாரன்ஸ் ரேடியேட்டரைக் கழுவினார், வாட்டர் பம்ப்பை மாற்றினார். கடைசியில், "மூணு சுத்து கியர் போட்டாத்தான் அடங்கும் சார்" என்று சேவியரிடம் சொன்னார்.

"மூணு போட்டா கட்டவண்டி ஆயிரும்லா? அந்த உதை போயிருமே!" என்றார் சேவியர்.

"ஓட்டுறது யாரு?" என்று கேட்டேன். இரண்டு பேரும் வண்டியைப் பார்த்தார்கள். "உதை வேணும்னா லைசன்ஸ் எடுத்துட்டு வாங்க. மூணு போடுங்க லாரன்ஸ்."

நான் டூட்டியில் இருந்த ஒரு நாள் இருவரும் ஷார்ஜா பழைய சாமான் சந்தைக்குப் போய், ஒரு பட்டாணியரிடம் பின் அச்சு ஒன்றை வாங்கி வந்து, அந்த வெள்ளிக்கிழமையே என் வண்டியில் மாட்டினார்கள். லாரன்ஸுக்கு வாயெல்லாம் பல், பார்வை மட்டும் சேவியர் மேல். "சிஸ்டர், மூணு கேட்டிய. ரெண்டே கிட்டிச்சு. எண்ணிப் பாத்துத்தான் எடுத்தேன்."

அடுத்த வியாழன் தரீஃபில் அதே அலறல், அதே கொதிப்பு. வீடு வந்து சேர்ந்தபோது மகள் ஸ்கூல் யூனிபார்மைக்கூட மாற்றாமல் தூங்கியிருந்தாள். மறுநாள் பூசை முடிந்து வாசலில் நிற்கையில் சேவியர் மெதுவாகச் சொன்னார்: "கியர் மாத்தியும் சரியாவலயே. பிள்ளைய அனுப்பிருவோம்." பக்கத்தில் நின்ற ஒரு அக்கா ஆறுதலாக, "எல்லாரும் அனுப்பத்தானே செய்யறோம் சிஸ்டர்" என்றார்.

"எல்லாரும் அனுப்புங்க. நான் அனுப்ப மாட்டேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். நேராக முசஃபாவுக்கு வண்டியை விட்டேன்.

வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கச் சொன்னேன். ஒரு சக்கரத்தை லாரன்ஸும் மறு சக்கரத்தைச் சேவியரும் பிடித்து, இரண்டையும் சேர்த்து ஒரே ஒரு சுற்று. நான் பூசைக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு அட்டையை விரித்து வண்டிக்கடியில் படுத்து, தண்டில் பிளாஸ்திரி ஒட்டி எண்ணினேன். நாலும் கொஞ்சமும்.

"யேசுவே! இதும் பந்தய கியரா? அங்க ரெண்டுதானே வந்துது!" என்றார் லாரன்ஸ்.

"அங்க எப்படி எண்ணினீங்க?"

அச்சு தரையில் கிடந்ததாம். ஒரு பக்கம் மணலில் பாதி புதைந்திருக்க, மறு பக்கத்தை மட்டும் சுற்றினாராம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மணலில் மாட்டிய வண்டியை அந்த நாட்டில் பார்க்காதவர் உண்டா? ஒரு சக்கரம் அசையாமல் கிடக்கும், மற்றது இரண்டு பங்காகச் சுற்றித் தள்ளும். அந்த ஒரு சக்கரத்தை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி எண்ணினால் தண்டில் பாதிக் கணக்குத்தான் வரும். நர்ஸ்கள் நாங்கள் நாடியை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவோம். லாரன்ஸ் பெருக்காமல் விட்டுவிட்டார்.

"அங்க வேற ஒண்ணும் கிடந்துது சிஸ்டர்" என்றார் தயங்கி. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "ஒண்ணரை வந்துது. அப்பிடி ஒரு கியரே கிடையாதுண்ணு விட்டுட்டு வந்தேன்."

ஒண்ணரையை இரண்டால் பெருக்கினால் மூணு. அன்றைக்கே மூவரும் ஷார்ஜா போனோம். நல்ல வேளை, அது விற்காமல் கிடந்தது. இரண்டு பக்கமும் செங்கல் வைத்துத் தூக்கிச் சுற்றினோம். பட்டாணியர், "அச்சா, டாக்டர் மேடம்!" என்று சிரித்தார். மூணும் துளியும் வந்தது. அடுத்த வியாழன் தரீஃபை நூற்றிருபதில் கடந்தபோது இன்ஜின் முனகிக்கொண்டு போனது. சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. நான் தனியாக, வாய்விட்டுக் கத்தினேன்.

அதற்குப் பிறகு ஒரு வியாழனும் தப்பவில்லை. அந்த உதை போனதுபற்றிச் சேவியர் இன்றுவரை முனகுகிறார், முனகட்டும்.

இப்போது லாரன்ஸின் காரேஜ் இருந்த வரிசையே இல்லை என்கிறார்கள். வண்டியைத் துரு தின்றது. அபுதாபியில் வியாழன் சாயங்காலத்துக்கு இருந்த மதிப்பும் போய்விட்டது, வாரவிடுமுறையையே மாற்றிவிட்டார்கள். மகள் மெல்பர்னில் வேலைக்குப் போய் நாலு வருடமாகிறது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறாள். "அன்னைக்கு அனுப்ப மாட்டேன்னு அந்தக் குதி குதிச்சே. இப்ப மட்டும் என்ன?" என்று அன்று பூசை வாசலில் நின்ற அந்த அக்கா கல்யாண வீடொன்றில் கேட்டார்.

நான் அனுப்பவில்லை, அக்கா. அவளாகப் போனாள். ஏர்போர்ட்டில் என்னைத் திரும்பிப் பார்த்து அழுதுகொண்டே போனாள். அப்படி அழுவதற்கு அவளுக்கு ஓர் அம்மா இருந்தாள்.