ஸ்கந்தபுரத்தில் ஏழு மணிக் குளிசை

காலை 6.15. வவுனியாவில் யாழ்ப்பாண பஸ்ஸில் யன்னலோரம் இடம் பிடித்தேன். ஆய்வுகூட வேலையிலிருந்து இளைப்பாறிய எனக்கு இதுவே இப்போதைய பெரிய வெற்றி. ஏழு மணிக்குக் கைபேசி அலறியது. இரத்த அழுத்தத்துக்கு நான் விழுங்கும் பிரஷர் குளிசை நேரம். பக்கத்து ஆசனக்காரர் திடுக்கிட்டு விழித்து, என்னை முறைத்துவிட்டு மீண்டும் உறங்கினார்.

8.10. கிளிநொச்சி. ஸ்கந்தபுரத்துக்கு ஓட்டோக்காரர் இரண்டாயிரம் கேட்டார்.

"தம்பி, நான் காணி வாங்கப் போகேல்லை" என்றேன்.

"சரி அம்மா, ஆயிரத்தி எழுநூறு தாங்கோ."

அக்கராயன் வழியாகப் போனோம். இருபுறமும் கதிர் தள்ளிய வயல். எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

9 மணி. மனோகரி வாசல் படலைக்கே ஓடி வந்தாள். சொந்தமில்லை, ஆனால் சொந்தத் தங்கையைவிட உரிமையோடு என்னை அக்கா என்பவள். கணவர் இறந்தபின் இரண்டு ஏக்கர் வயலைத் தனியே செய்கிறாள். அவளுக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு. அது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தினமும் போடும் குளிசையைப் 'பிரஷர் குளிசை' என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

வினையே அதுதான். பக்கத்து வீட்டு இராசம்மாவுக்கு உண்மையாகவே பிரஷர். இந்தப் பக்கத்தில் கறிவேப்பிலைக்கு அடுத்தபடி வேலிக்கு மேலால் கைமாறுவது குளிசை. இராசம்மா இரண்டு தரம் கேட்டு, மனோ இரண்டு தரமும் சாட்டுச் சொல்லித் தட்டிக்கழித்திருக்கிறாள். இப்போது அவா முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

"அக்கா, குளிசைக்குப் பதிலா ஏதோ ஊசி வருதாம். அது வரும்வரைக்கும் இதை நிப்பாட்டட்டோ? ஒளிச்சு ஒளிச்சு அலுத்துப்போனன்."

இதற்காகத்தான் என்னை வரச்சொன்னாளாம். குசினியில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து விளக்கினேன். கிருமியை மடக்க உடம்பு செய்யும் பொருளுக்குப் பிறபொருளெதிரி என்று பெயர். எச்.ஐ.வி.யை மடக்கக்கூடியவற்றை ஆய்வுகூடத்தில் ஆக்கி, மனிதருக்கு ஊசியாக ஏற்றிப் பார்க்கிறார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் குளிசை இல்லாமலே கிருமி அடங்கிக் கிடந்திருக்கிறது. எல்லாருக்கும் அப்படியில்லை. இன்னும் பரிசோதனையில்தான் இருக்கிறது.

"நிப்பாட்டினால் கிருமி எழும்பும். அது வரட்டும், அப்ப நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போறன். அதுவரை ஒரு நாளும் விடக்கூடாது."

அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

11 மணி. வாசலில் இராசம்மாவே வந்து நின்றா, கையில் கத்தரிக்காய்ப் பையோடு.

"மனோ, தலை சுத்துது. கோவத்தை விட்டுட்டு வந்திருக்கிறன். ஒரு குளிசை தாவன்."

மனோ அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இராசம்மாக்கா, இது பிரஷருக்கு இல்லை. எச்.ஐ.வி.க்குப் போடுறன். அதாலதான் உங்களுக்குத் தரேல்லை."

இராசம்மா போத்தலைப் பார்த்தா, மனோவைப் பார்த்தா. கத்தரிக்காயைக் கதிரையில் வைத்தா. அதைப் பிடித்தபடியே நின்றா. அவாவுக்குத் தலைசுற்றல் வேறு. ஓட்டோவை அழைத்து, நான் திரும்பும் வழியிலுள்ள ஆஸ்பத்திரியில் விடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டேன். மனோ படலையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்கராயன் குளத்தடி வரை இராசம்மா வயலையே பார்த்துக்கொண்டு வந்தா. பிறகு கேட்டா:

"ஒவ்வொரு நாளுமோ போடுறவள்?"

"ஓம்."

"எத்தினை மணிக்கு?"

"காலமை ஏழுக்கு."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, திரும்பிப் பாராமல் உள்ளே போனா. வவுனியா வரும்வரை எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. ஊசியைப் பற்றிப் பேசப்போய், மனோவை உண்மையைச் சொல்ல வைத்து, அவளுக்கிருந்த ஒரே அயலையும் கெடுத்துவிட்டேனோ என்றிருந்தது.

மறுநாள் ஏழு மணி. கைபேசி அலறியது. குளிசையை விழுங்கி முடிக்குமுன் மறுபடி அலறியது. மனோ.

"அக்கா, இராசம்மாக்கா இப்ப வேலியடியில நிண்டு கூப்பிட்டவா. தான் குளிசையை மறந்துபோறவாவாம். இனி ஏழு மணிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போடுவமாம்."

அந்த ஊசி கெதியாக வரட்டும், மனோவுக்குக் கிடைக்கட்டும். ஆனால் இங்கே என் ஏழு மணிக் குளிசைக்கு என்னைக் கூப்பிட, வேலியடியில் ஆளில்லை, ஒரு கைபேசிதான் இருக்கிறது.