சுவர்ப் பக்கம் திரும்பிய கியர்பாக்ஸ்

இன்று இரும்புலியூரில் ஒரு பேக்கரிக்கு பன் வாங்கப் போனேன். உள்ளே மாவு பிசையும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கியர்பாக்ஸ் நான் கம்ப்யூட்டரில் வடிவமைத்தது. பெருமையாக எட்டிப் பார்த்தேன்.

கியர்பாக்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று சொருகியிருந்தது.

"இது எதுக்கு பாய்?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"ஆயில் எவ்ளோ கீதுன்னு பாக்குற ஜன்னல செவுத்துப் பக்கம் வச்சுட்டானுங்க மேடம். இத வச்சுதான் பாக்குறேன்."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "அதை டிசைன் பண்ணதே நான்தான்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு! அப்படியே இந்தப் பக்கம் மாத்திக் குடுத்துடுங்க."

அச்சில் வார்த்த இரும்பு, இனி மாற்ற முடியாது என்றேன்.

"சரி வுடுங்க, டீ சாப்புடுங்க."

டீயைக் குடித்துவிட்டு, பன்னை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தேன். திரையில் எத்தனை தடவை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருப்பேன்! அங்கே சுவரே இல்லையே. ஜன்னலை இந்தப் பக்கம் நகர்த்தினேன். ஒரு நிமிட வேலை.

பாய் கடையில் இன்னமும் கண்ணாடிதான்.

உங்கள் வேலைக்கும் எங்காவது யாராவது கண்ணாடி வைத்திருக்கிறார்களா? சொல்லுங்கள், துணைக்கு ஆள் வேண்டும்.