மன்னார்குடியில் ஒரு பூனை ரேக்

புத்தகக் கடைக்காரர்களுக்குப் பொதுவாக ஒரு வியாதி உண்டு: விற்றுப்போகிற புத்தகத்தின் மேல் மரியாதை வைத்திருப்பார்கள், விற்காத புத்தகத்தின் மேல் பாசம் வைத்திருப்பார்கள்.

எனக்கு அது முற்றிப்போன நிலை. மன்னார்குடியில் தெப்பக்குளத்துக்குப் போகிற ரோட்டில் என் அண்ணன் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். பத்தாவது கைடு, பன்னிரண்டாவது கைடு, ஜியாமெட்ரி பாக்ஸ், லேபிள், பிரவுன் ஷீட் எல்லாம் கிடைக்கும். அந்தக் கடையில் நான் பங்குதாரர் என்று சொல்லிக்கொள்வேன். அண்ணன் ஒரு நாளும் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கெஞ்சிக் கூத்தாடி, கடையின் இடது மூலையில் ஐந்து தட்டு உள்ள ஒரு ரேக்கை வாங்கினேன். அதில் பூனைப் புத்தகங்கள் மட்டும்தான். பூனைக் கதை, பூனை காமிக்ஸ், குழந்தைகளுக்கான படப் புத்தகம், பூனை வளர்ப்புக் கையேடு, தமிழில் கொஞ்சம், இங்கிலீஷில் கொஞ்சம்.

ஏன் பூனை என்றால், வீட்டில் வளர்க்க முடியாது என்பதால்தான். என் கணவருக்கு வீசிங். ஒரு பூனை முடி காற்றில் பறந்தால் போதும், இன்ஹேலரைத் தேடி ஓட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் என் காலைச் சுற்றி நான்கு பூனைகள் திரிந்தன. கல்யாணத்துக்குப் பிறகு இந்த ரேக்தான் எனக்குப் பூனை. கறுப்புச் சேலையில் ஒட்டிய பூனை முடியைப் பொறுக்கியபடியே இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அண்ணன் கெடு வைத்துவிட்டார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் வரை பார்ப்பாராம். அதற்குள் ரேக் தேறினால் சரி, தேறாவிட்டால் பூனைகள் அட்டைப்பெட்டிக்குள் போகும், அந்த இடத்துக்குக் கைடுகள் வரும். அந்த ஐந்து மாதத்தில் நான் பட்ட பாடுதான் இது.

குறுக்கே போன பூனை

மூலையில் கிடக்கிற ரேக் யார் கண்ணில் படும்? அதனால் ஒரு காமிக்ஸை எடுத்து, ரோட்டைப் பார்த்த கண்ணாடிக்குள் நிறுத்தி வைத்தேன். அட்டையில் ஒரு கறுப்புப் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு ஜோராக நடந்து போகும். என் யோசனையை நானே மெச்சிக்கொண்டேன். நாலு நாள் கழித்து அண்ணன் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகமாக வருகிற சிலர் எங்கள் கடை முன்னால் சட்டென்று நிற்கிறார்கள். முகத்தைச் சுளிக்கிறார்கள். எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் புதிதாகப் புறப்படுகிறார்கள்.

ஐந்தாம் நாள், அப்படித் தண்ணீர் குடித்த ஒருவர் நேராகக் கடைக்குள்ளேயே வந்துவிட்டார். கக்கத்தில் பட்டா, சிட்டா நகலெல்லாம் திணித்த மஞ்சள் பை. பட்டா மாறுதலுக்காக மூன்று நாளாகத் தாலுகா ஆபீசுக்கு நடக்கிறாராம். டீக்கடையில் உட்கார்ந்து எழுந்து போவதற்குள் அங்கே தாசில்தார் சீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறாராம். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். அவர் என்னைக் கண்டுகொள்ளாமல் ரேக் பக்கம் போய், தட்டு தட்டாக நிதானமாகப் பார்த்து, காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் ஒரு மஞ்சள் பூனையின் அட்டையை உருவி என்னிடம் நீட்டினார். “போற பூனைய உள்ள வச்சிட்டு, உட்கார்ந்திருக்கற பூனைய வெளிய வைங்கம்மா. நாளைக்கும் நான் இந்த வழியாத்தான் போகணும்.”

ரைஸ் மில்லில் ஒரு சோம்பேறி

குடவாசல் பக்கம் ரைஸ் மில் வைத்திருப்பவர் ஒருவர் நோட்டு வாங்க வந்தவர், ரேக்கைப் பார்த்துவிட்டு, பூனையை எலி பிடிக்கப் பழக்குவதற்கு ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். அவர் மில்லில் ஒரு பூனை இருக்கிறது. போன அறுவடை வரைக்கும் நன்றாக வேலை பார்த்ததாம். இப்போது ஒரு மாதமாக நெல் மூட்டை மேல் ஏறிப் படுத்தால் இறங்குவதே இல்லை. எலி பக்கத்தில் ஓடினாலும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது. தின்பதில் மட்டும் குறைச்சல் இல்லை. இரண்டு தடவை சாக்கைச் சுருட்டி விரட்டியும் பார்த்துவிட்டார். அப்படிப் பழக்குகிற புத்தகம் என்னிடம் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அண்ணன் கல்லாவில் இருந்தபடியே என்னை முறைத்தார். வேறு வழியில்லாமல் ஒரு வளர்ப்புக் கையேட்டை எடுத்துக் கொடுத்தேன்.

பத்து நாளில் அவர் திரும்பி வந்தார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நானும் நினைத்தேன், அண்ணனும் நினைத்தார். ஆனால் அவர் மேஜை மேல் புத்தகத்தை வைத்து, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, அதில் போட்டிருந்த படத்தில் விரலை வைத்தார். வயிறு பெருத்து, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிற ஒரு பூனை. மூட்டை மேல் கிடந்ததும் அதே மாதிரிதானாம். முந்தின நாள் காலையில் தவிட்டுச் சாக்குக்குப் பின்னால் மூன்று குட்டி. குட்டிகளை வளர்க்கிற புத்தகம் வேறு தனியாக வேண்டும் என்று கேட்டார். நான் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் குரல் தணிந்துவிட்டது. “புள்ளத்தாச்சியப் போயி வேலைக்கு வரலன்னு விரட்டியிருக்கேன்மா.”

எழுத்தில்லாத புத்தகம்

பூம்புகார் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கடை போடச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கெடு நெருங்குகிறது, நாலு பூனையாவது விற்றால் நல்லது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். மகள் ஆடுவதைப் பார்க்க வந்த அம்மா ஒருவர், மீன் ஏலத்திலிருந்து நேராக வந்தவர், ஒரு காமிக்ஸை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். அது எழுத்தே இல்லாத புத்தகம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு பூனை மீனைத் திருடிக்கொண்டு ஓடும், அவ்வளவுதான். அவர் நின்றபடியே முழுவதையும் பார்த்தார். நடுநடுவே தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இந்தப் பூனை மீனை வாலில் கவ்விக்கொண்டு ஓடுகிறது, எந்தப் பூனை இப்படிச் செய்யும், தலையில்தானே கவ்வும் என்று ஒரு வாத்தியார் தோரணையில் கேட்டார். வரைந்தவருக்கு மீனும் சரியாகத் தெரியவில்லை என்பதையும், அவர் வரைந்திருக்கிற இடத்தில் அந்த மீனுக்குத் துடுப்பே கிடையாது என்பதையும் சொன்னார்.

குறை சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தார். மகளுக்கா என்று கேட்டதற்கு, இல்லை, எனக்குத்தான் என்றார். தான் பள்ளிக்கூடப் பக்கம் போனதே இல்லை, புத்தகம் என்று ஒன்றை வாங்குவதும் இதுதான் முதல் தடவை என்றார். புத்தகத்தைப் போட்டுக் கொடுக்க இருந்ததிலேயே நல்ல பையாகத் தேடிக் குனிந்தேன். “எழுத்தே இல்லாம புத்தகம் போட்டிருக்காங்க பாருங்க, அவங்களுக்கு எங்களையும் தெரிஞ்சிருக்கு.”

மஸ்கட்டில் ஒரு பூனை

இது சின்ன விஷயம். பாமணி ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து, இருப்பதிலேயே நிறையப் பக்கம் உள்ள பூனைக் கதைப் புத்தகம் ஒன்று கேட்டார். தனக்குப் பூனை என்றாலே ஆகாது என்பதையும் சேர்த்தே சொன்னார். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். அவர் தங்கியிருக்கும் ரூமுக்கு ஒரு பூனை வர ஆரம்பித்ததிலிருந்து போனில் பூனையைத் தவிர வேறு பேச்சே இல்லையாம். தெரிந்தவர் ஒருவர் மஸ்கட்டுக்குப் போகிறார், அவர் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும் என்று அலுத்துக்கொண்டே வாங்கிப் போனார்.

ஒரு மாதம் கழித்து வந்து அதே புத்தகம் இன்னொன்று கேட்டார். முதல் புத்தகம் போய்ச் சேரவில்லையா என்று பதறிப்போனேன். போய்ச் சேர்ந்துவிட்டதாம். இது தனக்காம். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. “அவரு அங்க ஒரு பக்கம் படிப்பாரு, நான் இங்க ஒரு பக்கம் படிப்பேன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன்னு எத்தன வருசம்தான் பேசறது?”

வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம்

இவ்வளவும் நடந்தும் ரேக் தேறவில்லை. இரண்டாம் தட்டுக்குக் கீழே புத்தகங்கள் போட்டது போட்டபடியே இருந்தன. ஜூன் பிறந்ததும் கைடு லோடு வந்து இறங்கியது. அண்ணன் இரண்டு காலி அட்டைப்பெட்டியை ரேக்குக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். சொன்ன சொல் தவறாத மனிதர் மேல் கோபப்படவும் முடியவில்லை. நானே அடுக்கினேன். பூச்சி அரித்துவிடக் கூடாதே என்று அடுக்குக்கு அடுக்கு வசம்பையும் அந்துருண்டையையும் துணியில் முடிந்து, ஒரு முடிச்சுக்கு நாலு முடிச்சாகவே போட்டேன். மூடி ஒட்டும்போது அழுதுவிட்டேன். வீட்டுக்கு எடுத்துவந்துவிடு, படத்துப் பூனைக்கு முடி உதிராது என்று என் கணவர் சொன்னார். நல்ல மனுஷன். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு இடம் ஏது? பெட்டிகள் கடைக்குப் பின்னால் இருக்கிற குடோனில், நோட்டுக் கட்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தன.

அந்த வாரமே வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது, நாங்களும்தான். தண்ணீர் வந்தால் வரப்பிலும் கரையிலும் வளை போட்டிருக்கிற எலிகளெல்லாம் வீடு மாறும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். எங்கள் குடோனின் பின்சுவர் வாய்க்கால் கரையில்தான் நிற்கிறது என்பதும் தெரியும். தெரிந்தும், பள்ளிக்கூடம் திறக்கிற அவசரத்தில் அண்ணன் அதை மறந்துவிட்டார். இரண்டு நாள் கழித்துக் காலையில் குடோனைத் திறந்தால், நோட்டுக் கட்டுகளின் ஓரமெல்லாம் கொறித்துத் தள்ளியிருந்தது. அண்ணன் ஒரு கட்டு மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தவர், நடுவில் இருந்த என் இரண்டு பெட்டிகளையும் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு பல் தடம் இல்லை. அவற்றை ஒட்டினாற்போல இருந்த கட்டுகளும் தப்பியிருந்தன.

அவர் பெட்டியைப் பிரித்தார். பூனைப் புத்தகங்களை எடுத்து, கட்டுக்கு ஒன்றாக, முகம் வெளியே தெரியும்படி, திருஷ்டிப் பொம்மை கட்டுகிற பக்தியோடு நிறுத்தினார். அன்று மத்தியானமே மேஸ்திரி வந்து பின்சுவரில் எலி நுழைந்த ஓட்டைக்குச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எலி வரவில்லை. மேஸ்திரி செய்த வேலையை அண்ணன் இதில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. நான்கு நாள் பார்த்துவிட்டு, ஒவ்வொரு புத்தகமாகத் துணியால் துடைத்து, தன் கையாலேயே ரேக்கில் பழையபடி அடுக்கினார். கைடுகள் கல்லாவுக்குப் பின்னால் தரைக்குப் போயின. புத்தகங்களில் அந்துருண்டை வாசனை இன்னும் குப்பென்று அடித்தது. ஜலதோஷத்தில் இருந்த அண்ணனுக்கு மட்டும் அது தெரியவில்லை. எலி அண்டாததற்கு நிஜக் காரணம் இந்த நெடிதான் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் பிரவுன் ஷீட் வாங்க வந்த ஒருவரிடம் அவர் ரேக்கைக் காட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார், நான் வாயை மூடிக்கொண்டேன். “வெறும் படத்தப் பாத்தே ஒரு எலி கிட்ட வரலைங்க. இந்த ரேக்கு இனி இங்கதான் இருக்கும், யாரு சொன்னாலும் எடுக்க மாட்டேன்.”

புத்தகம் படித்தால் மனிதன் மாறுவான் என்று நம்பித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், என் அண்ணன் ஒரு பக்கம்கூடப் படிக்காமலேயே மாறிவிட்டார் என்பதை மட்டும் எந்த மேடையிலும் சொல்வதாக இல்லை.