ஜெனரல் குடிக்காத தேநீர்: சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கு ஹியூம் ரோட்டில்

சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்குக் காரில் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று மாதத்துக்கு ஒருவராவது என்னைக் கேட்டுவிடுகிறீர்கள். 880 கிலோமீற்றர், ஒன்பதரை மணித்தியாலம், இரண்டு இடத்தில் நின்றால் போதும். பதில் முடிந்தது. ஆனால் இந்த ரோட்டில் நான் முதல்தரம் ஓடிய பயணத்தைப் பற்றி இதுவரை எழுதவில்லை. போன கிழமை டூங்கபியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்த சின்ன விஷயம் ஒன்று அதை எழுத வைத்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அது 1976, மே மாதம். நான் சிட்னிப் புறநகரான பென்டில் ஹில்லில் ஒரு வீட்டின் பின்னறையில் தனியாகக் குடியிருந்தேன். அப்போது அங்கே தமிழ்க் கடையும் கிடையாது, தமிழ்ச் சனமும் கிடையாது. கிழமை நாட்களில் ஒரு அலுவலகத்தில் வரைபடம் கீறினேன். சனி, ஞாயிறில் யாருடனும் ஒரு வார்த்தை பேசாமலே திங்கட்கிழமை வந்துவிடும். நான் பிறந்தது மலாயாவில், ஈப்போவில். அப்பா அங்கே ரயில்வேயில் கிளார்க். பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தாலும் மலாய் மொழி என்னை விட்டுப் போகவில்லை. இந்தோனேசியர் பேசுவதும் கிட்டத்தட்ட அதே மொழிதான். அதனால் சிட்னியில் ஒரு பயண முகவர், இந்தோனேசியாவிலிருந்து யாராவது வந்தால் என்னைக் கூப்பிடுவார். கார் ஓட வேண்டும், பேச வேண்டும். பேச ஆள் கிடைக்கிறதே என்றுதான் நானும் போனேன்.

அந்த முறை வந்தவர் ஒரு இராணுவ ஜெனரல். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லியான ஆள், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. ஒரு தூர தேசத்துக்குத் தூதுவராகப் போகிற வழியில் நான்கு நாள் சிட்னியில் தங்கியிருந்தார். மெல்பேர்னில் படிக்கிற மகனைப் பார்க்க வேண்டும், காரில்தான் போக வேண்டும் என்றார். விமானத்தில் போனால் அவருடைய ஆட்களுக்குத் தெரிந்துவிடுமாம். தெரிந்தால் மகனுக்குத்தான் கெடுதல். அந்தப் பெடியன் தங்கள் நாட்டு அரசாங்கத்தை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் எழுதுகிறவன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். என் பழைய ஸ்டேஷன் வேகனுக்குப் பத்து டொலரில் தாங்கி நிரம்பியது. இன்றைய விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். கோல்பேர்ண் 195 கிலோமீற்றர், எட்டு மணிக்குச் சேர்ந்தோம். ஒரே குளிர். பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றி, காருக்குள் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடி துடைக்கப் போனேன். திரும்பி வந்தால் கோப்பை அப்படியே கையில் இருக்கிறது. ஆடை படிந்துவிட்டது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. எனக்குச் சுர்ரென்றது. காரோட்டியின் கைத்தேநீர் ஜெனரலுக்கு ஆகாதோ? அல்லது நஞ்சு கலந்திருப்பேன் என்று பயமோ? கோப்பையை வாங்கி வெளியே ஊற்றினேன்.

பதினொன்றேகாலுக்குக் கண்டகாய். அப்போதெல்லாம் ஊருக்குள்ளால்தான் போக வேண்டும். பழைய மரப்பாலத்தில் ஏறினால் பலகைகள் தடதடவென்று அடிக்கும். ஆற்றங்கரையில் ஒரு மரமேசை. ரொட்டி, முட்டைப்பொரியல், சம்பல், இன்னொரு பிளாஸ்க் தேநீர் எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்துவிட்டு நான் ஒதுங்கிப் போனேன். பெரிய மனிதர் சாப்பிடும்போது எதிரே நின்று வாயைப் பார்க்கக் கூடாது என்றுதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். விருந்தாளி சாப்பிடாமல் நான் சாப்பிடவும் கூடாது. காருக்குப் பின்னால் நின்று வயிற்றைக் கிள்ளும் பசியோடு மஞ்சள் இலை விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் கழித்துப் போனால், மனிதர் கையைக் கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறார். ரொட்டியில் கை படவில்லை.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். இளவயதில் இன்னும் மோசம். கேட்டேவிட்டேன். நாங்கள் பேசியது மலாயில். எனக்கு வருகிற தமிழில் இங்கே எழுதுகிறேன், ஜெனரல் யாழ்ப்பாணத் தமிழ் பேசினார் என்று சிரிக்காதீர்கள்.

"என்ர சாப்பாடு உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "நீர் எடுக்கச் சொல்லேல்லையே" என்றார்.

அவருடைய ஊரான ஜாவாவில் வீட்டுக்காரர் "சிலாக்கான்" என்று சொல்லாமல் விருந்தாளி எதிலும் கைவைக்க மாட்டாராம். "எடுங்கோ" என்று நாங்கள் சொல்வதுதான். வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வைத்ததே சொன்னதற்குச் சமம் என்பதெல்லாம் அங்கே செல்லாது. பசித்தாலுமா என்று கேட்டேன். பசித்தாலும்தான் என்றார். பல்லாயிரம் பேருக்குக் கட்டளை போட்ட மனிதர், ஒரு காரோட்டி ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காலையிலிருந்து பட்டினி கிடந்திருக்கிறார்! வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். "சிலாக்கான்" என்றேன். என்னையும் எதிரே இருக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்று முடித்தோம்.

அதற்குப் பிறகு அவர் பேசத் தொடங்கினார். ஹோல்புரூக், ஓல்பெரி, வங்கரட்டா என்று 500 கிலோமீற்றரும் பேச்சுத்தான். இருபத்தொரு வயதில் காட்டுக்குள் போய் டச்சுக்காரரோடு சண்டை. சுதந்திரத்துக்குப் பிறகு லெப்டினன்ட், பட்டாலியன் தலைவர், அறுபதுகளில் இங்கே மெல்பேர்னுக்கு அப்பால் விக்டோரியாக் கடற்கரையில் ஒரு கோட்டைக்குள் ஒரு வருட அதிகாரிப் படிப்பு. அங்கே இவரோடு பேச ஆளில்லாமல், மாலையில் கடலைப் பார்த்து ஆங்கிலப் பாடம் சொல்லிப் பழகினாராம். ஊருக்குத் திரும்பியபின் பிராந்தியத் தளபதி, தோளில் ஒன்றின்மேல் ஒன்றாக நட்சத்திரம். எப்படி அவ்வளவு உயரம் போனீர்கள் என்று கேட்டேன். "வாயைத் திறக்காமல்" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை.

மகனின் சிநேகிதன் யந்தோ என்ற பல்கலைக்கழக மாணவனை ஒருநாள் இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. எங்கே என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் என்று மகன் கெஞ்சினான். இவர் கேட்கவில்லை. மகன் படிக்கவென்று மெல்பேர்னுக்கு வந்தான், பிறகு இவருக்கு ஒரு கடிதமும் இல்லை. நாங்கள் போனதற்கு முந்திய வருடம் ஒரு கூட்டத்தில், பெரிய தலைகள் எல்லாம் இருக்க, பிடித்துப்போன மாணவர்கள் எங்கே என்று இவர் எழுந்து கேட்டிருக்கிறார். முப்பது வருட உத்தியோகத்தில் ஒரே ஒரு தரம். அங்கே இப்படிக் கேட்டவரைச் சுட மாட்டார்களாம், தண்டிக்கவும் மாட்டார்களாம். தூதுவர் ஆக்கிவிடுவார்களாம். கைகுலுக்கி, பூமாலை போட்டு, உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பிவிடுவார்கள்.

மனைவி ஊரிலேயே நின்றுவிட்டார். புறப்படும்போது கணவரிடம் ஒன்றுதான் கேட்டாராம். "அவன்ர வீட்டில ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சன் எண்டு எழுதுங்கோ. எனக்கு அது போதும்."

மாலை ஆறரைக்கு மெல்பேர்ன். மோட்டல் அறை ஒன்று பதினான்கு டொலர், இரண்டு அறை எடுத்தோம். தாய் எழுதிக் கேட்டதற்கு மகன் சனிக்கிழமை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தான். கார்ல்ற்றனில் ட்ராம் ஓடும் தெருவில் மாணவர்கள் சேர்ந்து இருக்கும் மாடிவீடு. தாய் கொடுத்துவிட்ட இனிப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன். தனியே போக அவருக்குத் துணிவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

கதவைத் திறந்தவன் அச்சாக அவரைப்போலவே இருந்தான். அதே ஒல்லி, அதே கண். "இருங்கோ, ஜெனரல்" என்றான். அப்பா என்று சொல்லவில்லை. இரண்டு கதிரையைக் காட்டிவிட்டுக் குசினிக்குப் போய் மூன்று கோப்பைத் தேநீர் கொண்டுவந்து வைத்தான். தானும் எதிரே இருந்தான். ஒன்றும் சொல்லவில்லை.

நான் ஒரு மடையன். பதற்றத்தில் என் கோப்பையை எடுத்து மடக்மடக்கென்று குடித்துவிட்டேன். கீழே வைத்தபின்தான் பார்த்தேன், ஜெனரலின் கோப்பை தொடப்படாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மகனின் கண்ணும் அந்தக் கோப்பையில்தான் இருந்தது. அவனுக்குத் தெரியாதா? அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன்.

ஊர், குளிர், பரீட்சை என்று ஏதோ கேட்டார். ஒவ்வொரு சொல்லில் பதில் வந்தது. பிறகு மகன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"யந்தோ எங்கே?"

"எனக்குத் தெரியாது" என்றார் ஜெனரல்.

அது உண்மை. கூட்டத்தில் கேட்டேன், அதனால்தான் என்னைத் தூக்கி எறிந்தார்கள் என்று இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. தேநீர் ஆறிவிட்டது. பதினொன்று பத்துக்கு எழுந்து சட்டையை இழுத்துச் சரிசெய்தார். மகன் கதவுவரை வந்தான். இனிப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டான், அது தாய் கொடுத்தது.

காரில் ஏறியதும், படித்த கோட்டைக்குப் போவோமா, 105 கிலோமீற்றர்தான் என்றேன். வேண்டாம் என்றார். பகல் முழுவதும் மோட்டல் அறையில் தனியாக இருந்தார். பக்கத்து அறையில் நானும் அப்படியே. நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான், தட்டுவோமா என்று இரண்டு தரம் எழுந்து, இரண்டு தரமும் இருந்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குத் திரும்பினோம். பன்னிரண்டுக்குக் கண்டகாய், அதே மேசை. இந்த முறை தேநீரை ஊற்றி வைத்த உடனே "சிலாக்கான், பாக்" என்றேன். "பாக்" என்பது அவர்கள் தகப்பனையும் பெரியவரையும் கூப்பிடுகிற சொல். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். இன்னொன்று ஊற்றச் சொல்லி அதையும் குடித்தார்.

அடக்க முடியாமல் கேட்டேன். "நீங்கள் கூட்டத்தில கேட்டதை ஏன் மகனுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் எடுங்கோ எண்டிருப்பான்" என்றார். "அது எனக்குத் தாற தேத்தண்ணி இல்லை, தம்பி. கூட்டத்தில கேட்ட அந்தக் கேள்விக்குத் தாற கூலி."

பிறகு பையிலிருந்து ஒரு தபாலட்டை எடுத்து மனைவிக்கு எழுதினார். எழுதுகிற நடுவில், இந்தத் தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி போட்டீர் என்று கேட்டார். இரண்டு என்றேன். அந்த ஊர்த் தபால்பெட்டியில் போடச் சொல்லித் தந்தார். மூடாத அட்டை, கண் தானாகப் போய்விட்டது. "தேத்தண்ணி குடிச்சன். நல்ல சூடு. இரண்டு கரண்டி சீனி" என்று மட்டும் இருந்தது. யார் வீட்டில் என்று எழுதவில்லை. பொய்யும் எழுதவில்லை. பெட்டிக்குள் போட்டுவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்று அழுதேன். திங்கட்கிழமை அவர் விமானம் ஏறினார். அதன்பிறகு அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

இனிப் போகிறவர்களுக்கு. இப்போது கண்டகாய் பாதைக்கு வெளியே இருக்கிறது, விலத்தி இறங்க வேண்டும். ஆற்றங்கரைக்கு இறங்குங்கள், பத்து நிமிடம் கூடும், அவ்வளவுதான். பழைய மரப்பாலத்தில் இப்போது யாரும் போக முடியாது. மே மாதம் என்றால் கம்பளிச் சட்டை கட்டாயம். மாலையில் ஹோல்புரூக்கைத் தாண்டினால் கங்காரு குறுக்கே வரும், பார்த்து ஓடுங்கள்.

போன கிழமை விஷயத்துக்கு வருகிறேன். டூங்கபியில் நான் போனது என் மகளின் வீட்டுக்கு. இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. காரணம் இங்கே தேவையில்லை, பிழை பாதி என்னுடையது. தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுங்கோ அப்பா என்று சொல்லவில்லை. எனக்கு அந்தக் கார்ல்ற்றன் அறை கண்ணுக்குள் வந்துவிட்டது. சொல்லட்டும் என்று காத்திருக்க நான் ஜெனரல் இல்லை. எடுத்துக் குடித்தேன். சீனி போட மறந்திருந்தாள். "நல்லாயிருக்கு, பிள்ளை" என்றேன்.