கம்பத்தில் தொங்கிய கோட்டு

வால்தோ உர்கிதி எங்கள் தெருவுக்குக் குடிவந்தபோது, தெருவுக்கே பெரிய உபகாரம் செய்கிற மாதிரிதான் வண்டியிலிருந்து இறங்கினார். எங்கள் லா பாஸ் நகரத்தில் பள்ளத்தில் இருப்பவன்தான் பணக்காரன். மேலே ஏற ஏற வாடகை குறையும், குளிர் கூடும். இவர் தலை நரைக்கும்வரை பள்ளத்தில், அக்காவின் வீட்டில், அக்காவின் சமையலில் காலம் தள்ளியவர். அந்த அக்கா வீட்டை விற்றுவிட்டு மகளோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். தம்பியையும் கூட வா என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. அவருடைய சம்பளத்துக்கு எட்டின வீடு மேட்டின் உச்சியில், எல் ஆல்தோவில், பூசாத செங்கல் சுவரும் தகரக் கூரையுமாக எங்கள் தெருவில்தான் கிடைத்தது.

ஒரு பத்திரப்பதிவு வக்கீலிடம் தட்டச்சு செய்கிற வேலை அவருக்கு. வாலிபத்தில் சட்டப் படிப்பில் சேர்ந்து பாதியிலே விட்டவர். வக்கீல்களை எங்கள் ஊரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பை முடிக்காத வால்தோவும் தன்னை டாக்டர் என்றே சொல்லிக்கொண்டார், யாரும் கேட்காமலேயே சொன்னார்.

வந்திறங்கிய அன்றே எதிர்க்கடை லியோனார்தா அம்மாள், எங்கள் வழக்கில் தோன்யா லியோனார்தா, தலையில் வட்டத் தொப்பியும் கையில் ஊதாச் சோளக் கஞ்சியுமாக வாசலுக்கு வந்து நின்றாள்.

"வாங்க வெசினோ, குளிருக்கு இதமா இருக்கும், சூடா குடிங்க."

அண்டை வீட்டுக்காரரை நாங்கள் வெசினோ என்றுதான் அழைப்போம். அது அவருக்குக் குத்தியது.

"டாக்டர்னு கூப்பிடும்மா. நான் இங்க கொஞ்ச நாளைக்குத்தான்," என்றார். கஞ்சியை வாங்கவில்லை.

கொஞ்ச நாள் என்பது ஒரு வருடத்தைத் தாண்டியது. அத்தனை காலத்தில் அவர் எங்கள் பேட்டையைத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: எந்த நாய் கடிக்கும், எந்தக் குட்டையைச் சுற்றிப் போகவேண்டும், கேபிள் காருக்கு எது குறுக்கு வழி. மனிதர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. எதிரே வந்தவருக்கு ஒரு வணக்கம் சொன்னதில்லை. தெருவே சேர்ந்து சாக்கடை தூர்வாரிய ஞாயிற்றுக்கிழமை திரைச்சீலை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். இதுகளோடு பழகினால் இங்கேயே தங்கிவிட நேரும் என்பது அவர் பயம். யாருக்கும் தெரியாதவராகவே இருந்துவிட்டு ஒருநாள் கீழே இறங்கிப் போய்விடலாம் என்று நினைத்திருந்தார், பாவம்.

அவரிடம் ஒரு பழுப்புநிற ஓவர்கோட்டு இருந்தது. நல்ல காலத்தில் தைத்தது. உள்துணியில் 'டாக்டர் வால்தோ உர்கிதி' என்று பட்டு நூலால் பேர் வேறு. முழங்கையில் பூச்சி அரித்ததும், மனமில்லாமல் அதைக் கழித்துக்கட்ட முடிவுசெய்தார். குப்பை மூட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கோட்டுக் கையை தோன்யா லியோனார்தா பார்த்துவிட்டாள்.

"ஐயா, தூக்கிப் போடறதா இருந்தா எனக்குக் குடுங்களேன். என் மருமகன் ராக்காவல் வேலை பார்க்கறான், விறைச்சுப் போறான்."

"இது கம்பளி கோட்டும்மா. உங்க ஆளுங்க உடம்புக்கு இது ஒட்டாது."

சொல்லிவிட்டு மூட்டையை இறுக்கிக் கட்டிக் குப்பைமேட்டில் எறிந்தார். நானாயிருந்தால் அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். லியோனார்தாவோ கடைக்குள் போய்விட்டாள்.

மூட்டையை நாய்கள் கிழித்தன. அதே வாரம் கறிக்கடை பசிலியா வீட்டில் கேஸ் சிலிண்டர் களவு போயிற்று. போலீஸ் எங்கள் மேட்டுக்கு வந்த சரித்திரம் கிடையாது. அதனால் எல்லாப் பேட்டையிலும் செய்கிற மாதிரி நாங்களும் முனைக் கம்பத்தில் ஒரு வைக்கோல் பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டோம். கழுத்தில் ஓர் அட்டை: 'பிடிபட்ட திருடன் எரிக்கப்படுவான்.' ஒரு வீட்டிலிருந்து கால்சட்டை, ஒரு வீட்டிலிருந்து பூட்ஸ். கோட்டு குப்பைமேட்டிலிருந்து வந்தது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிய வால்தோ அண்ணாந்து பார்த்தார். அவருடைய கோட்டு, அவருக்கு அளவெடுத்துத் தைத்த தோள்களோடு, காற்றில் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தது. முகம் செத்துப்போயிற்று. ஆனால் வாயைத் திறந்து, திருடன் போட்டிருக்கும் கோட்டு என்னுடையது என்று சொல்ல முடியுமா? அன்றிலிருந்து அந்த முனையைத் தலைகுனிந்தபடியே கடந்தார்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. மத்தியானம் கேஸ் வண்டிக்காரன் சிலிண்டரைத் தட்டிக்கொண்டே போனான். வால்தோ வீட்டுச் செருப்போடும் இரவுக் கால்சட்டையோடும் பின்னால் ஓடினார். வண்டி நிற்கவில்லை. திரும்பி வந்தால் காற்று கதவை அடித்துச் சாத்தியிருந்தது. சாவி உள்ளே, பர்ஸ் உள்ளே, அடையாள அட்டை உள்ளே. வீட்டுக்காரன் இருப்பது வேறு ஊரில். ஆலங்கட்டி வேறு விழ ஆரம்பித்தது. எதிர்க்கடையில் ஏணி இருந்தது, ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்பாரா அவர்! செங்கல்லை அடுக்கி மதில்மேல் ஏறினார்.

பசிலியா கண்ணில் பட்டது மதிலில் தொங்கிய இரண்டு கால்கள்தான். விசிலை ஊதினாள். எங்கள் தெருவில் ஒரு விசில் கேட்டால் ஒன்பது விசில் பதில் சொல்லும். கட்டை, துடைப்பம், கறி வெட்டும் கத்தி என்று கைக்குக் கிடைத்ததோடு பெண்கள் ஓடிவந்து காலைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டார்கள்.

"இது என் வீடு! நான் டாக்டர் உர்கிதி!"

"டாக்டரா? மதில் ஏறிக் குதிக்கற டாக்டரை இப்பதான் பார்க்கறேன்," என்றாள் பசிலியா. "யாருக்காவது இந்தாளைத் தெரியுமா?"

எல்லோருக்கும் தெரியும். அவர் எத்தனை மணிக்கு இருமுவார் என்பதுவரை தெரியும். ஆனால் கூட்டம் தோன்யா லியோனார்தாவைப் பார்த்தது. அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பார்த்த மாதிரி இல்லையே. நம்ம தெருக்காரரா இருந்தா ஒரு நாளாவது வணக்கம் சொல்லியிருப்பாரே?"

கம்பத்து அட்டை வால்தோவுக்கு நினைவு வந்தது. அதில் எழுதியிருந்ததை அவர் முதல் நாளே படித்திருந்தார். சுற்றிலும் ஒரு முகத்துக்குக்கூட அவருக்குப் பேர் தெரியவில்லை, கூப்பிட்டுக் கெஞ்ச. அவரை அடையாளம் காட்ட அந்தத் தெருவில் ஒரே ஒருத்தன்தான் இருந்தான். விரலைக் கம்பத்தை நோக்கி நீட்டினார்.

"அந்தக் கோட்டு என்னோடது! உள்ளே என் பேர் தைச்சிருக்கும், பாருங்க!"

ஏணி வந்தது. பொம்மையை இறக்கினார்கள். பசிலியா கோட்டை விரித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்: "டாக்டர்... வால்தோ... உர்கிதி."

"அப்போ டாக்டர் இவர்தான்," என்று லியோனார்தா பொம்மையைக் காட்டினாள். "நீங்க யாரு?"

தெரு சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. வால்தோ ஈரச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெசினோ," என்றார் கடைசியில். "நான் எதிர்வீட்டு வெசினோ."

"இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்ற லியோனார்தா ஏணியை அவர் மதிலில் சாத்தச் சொன்னாள்.

ஏறப்போனவர் நின்றார். குரலைத் தாழ்த்தி, "அந்தப் பேரை மட்டும் கத்தரிச்சுக் குடுத்துடுவீங்களா, தோன்யா?" என்று கேட்டார்.

அவள் அதற்குள் பொம்மையின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டிருந்தாள்.

"இருக்கட்டும் வெசினோ. நாளைக்கு இன்னொருத்தர் உங்களைத் தெரியாதுன்னா, காட்டறதுக்கு வேணுமில்ல?"

சொல்லிவிட்டுக் கயிற்றின் நுனியை அவர் கையில் கொடுத்தாள். அவரே பொம்மையை இழுத்துக் கம்பத்தில் மேலே ஏற்றினார்.