நாற்பத்தொன்றாம் பக்கத்து வீடு

சுற்றுச்சூழல் வேலை என்பது, வீடு இடிந்தவர்கள் சொன்ன கதையை வீடு இடியாதவர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து திருத்துகிற தொழில். நீங்களும் என்றைக்காவது ஒரு திட்ட அறிக்கையோ பயிற்சிப் பட்டறைக்கு நிகழ்ச்சி நிரலோ எழுதியவராக இருந்தால், இதைப் படிக்கும்போது உங்கள் காதும் கொஞ்சம் சூடாகும். தனியாகச் சூடாவதைவிடச் சேர்ந்து சூடாவது நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகம் கேரளத்தின் தெற்கு எல்லையோரம், பாறசாலையில், ஒரு பெயின்ட் கடைக்கு மேல் மாடியில். பிளாஸ்டிக்கைக் குறைப்பது ஒரு வேலை. கடலரிப்பைப் பற்றி அரசாங்கத்துக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது இன்னொன்று. கடல் வீட்டை எடுத்துக்கொண்ட குடும்பங்களின் இளம்பிள்ளைகளைத் தங்கள் கதையைத் தாங்களே சொல்லவைத்துப் புத்தகமாகப் போடுவது மூன்றாவது. அதற்குப் பொறுப்பாளரும் தொகுப்பாசிரியரும் நான். களப்பணி பிஜு. ஒற்றசேகரமங்கலத்திலிருந்து தினமும் பைக்கில் வருகிறவர். நான் படித்த புத்தகங்கள் எதையும் படிக்காததால் என்னைவிடத் தெளிவாக யோசிக்கிறவர்.

துணிப்பை

கடற்கரையில் ஒரு வரிசை வீடுகளைக் கடல் எடுத்தபின், அந்தக் குடும்பங்களைப் பிள்ளைகள் குறைந்து மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். எல்லோரும் அதைக் கேம்பு என்றே சொன்னார்கள். முதல் தடவை வெறுங்கையோடு போகக் கூடாதென்று, அலுவலகத்தில் மிஞ்சிக் கிடந்த துணிப்பைகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போனோம். ஒவ்வொன்றிலும் பச்சை எழுத்தில் 'கடலைக் காப்போம்' என்று அச்சடித்திருந்தது. வாசகம் என்னுடையது. அதில் ஒற்று சரியாக விழுந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தவன், அதை யார் கையில் கொடுக்கப்போகிறோம் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் போனபோது பைகளைக் காணோம். இரண்டாம் வகுப்பறையில் மூன்று குடும்பங்கள் இருந்தன. ஜன்னலோரத்தில் மரியதாசன், அவர் மனைவி ஸ்டெல்லா, மகள் ஜின்சி. மரியதாசன் கடலுக்குப் போகிறவர், ஸ்டெல்லா மீன் விற்கிறவர், ஜின்சி கல்லூரியில் இரண்டாம் வருஷம். பைகளையெல்லாம் பிரித்து ஒன்றோடொன்று தைத்து, பக்கத்துக் குடும்பத்துக்கும் தங்களுக்கும் நடுவில் ஸ்டெல்லா திரையாகக் கட்டியிருந்தார். நான் அசடு வழிய நின்றதைப் பார்த்து அவரே சமாதானம் சொன்னார்.

"துணி நல்ல கட்டியாக்கும் சாரே. எழுத்த மட்டும் அடுத்த வீட்டுக்காரியள பாக்கத் திருப்பிப் போட்டேன். அத வாசிச்சுக்கிட்டுக் கெடந்தா எங்களுக்கு ஒறக்கம் வராது."

மாங்கன்று

கேம்பு முற்றத்தில் ஒரு மரம் நடுவதென்று தீர்மானித்தோம். தீர்மானித்தது கேம்பில் இருந்தவர்கள் அல்ல. ஒட்டுமாங்கன்று கிடைத்தது, நான்தான் பிடிவாதமாக நாட்டு மாங்கன்று வேண்டும் என்றேன். நடுவதற்கு முன்னால் அதன் மேன்மையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினேன். ஒட்டுமா அவசரக்காரன், சீக்கிரம் காய்த்துச் சீக்கிரம் ஓயும். நாட்டுமாவுக்கு நிதானம் உண்டு, ஏழெட்டு வருஷம் வேர்விட்டு நின்று பிறகுதான் காய்க்கும், அப்புறம் தலைமுறைகளுக்கு நிழல். பெருமையோடு சுற்றிப் பார்த்தேன். தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற மரியதாசன் வாளியைக் கீழே வைத்தார்.

"ஏழெட்டு வருசமா? அது வரைக்கும் நாங்க இங்கதான் கெடக்கணும்ணு மேலயிருந்து தீருமானிச்சாச்சா சாரே?"

அகதி யார்

கதைப் பட்டறையின் முதல் நாள். பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் தன்னை அகதி என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். சொல் தவறாக விழுந்தால் எனக்கு உடம்பு தாங்காது. பள்ளிக்கூடத்துப் பழைய கரும்பலகையை இழுத்துவந்து, அகதி என்றால் எல்லையைத் தாண்டினவர் என்று எழுதினேன். "பாறசாலையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் எல்லையைத் தாண்டிவிடலாம்தான். ஆனால் அது மாநில எல்லை, அதுவும் கணக்கில் வராது. நீங்கள் எந்த எல்லையையும் தாண்டவில்லை. ஆகவே இடம்பெயர்ந்தோர் என்பதே சரி" என்றேன்.

பிள்ளைகள் மரியாதையாக எழுதிக்கொண்டார்கள். ஜின்சி மட்டும் எழுதவில்லை.

"நாங்க எதையும் தாண்டல்லதான் சாரே. கடலுதானே தாண்டி வந்து எங்க வீட்டுல கேறியிருக்கு. அப்போ அகதி அதாக்கும்."

கடைசிப் பத்தி

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு, நீங்களும் அறிவீர்கள். கதை நம்பிக்கையோடு முடிய வேண்டும். துயரம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு விடியலோ ஒரு துளிரோ வந்தாக வேண்டும். வாசகர் மனம் உடைந்து புத்தகத்தை மூடிவிடக் கூடாதாம். யார் போட்ட விதி என்று தெரியாது. ஆனால் அதை என்னளவு விசுவாசமாகக் கடைப்பிடித்தவர் யாரும் இல்லை.

ஜின்சி நோட்டுத்தாளில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அலை முதலில் அடுக்களையை எடுத்தது, அம்மை அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடியது, அப்பன் கடைசியில் வாசல் கதவை நிலையிலிருந்து கழற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தது. அந்தக் கதவு வகுப்பறைச் சுவரில் சாய்ந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். கதையின் கடைசி வரி: 'இப்போ எங்களுக்குக் கதவு உண்டு. வீடு இல்ல.' இத்தனை வருஷத்தில் எனக்கு வந்த வரிகளில் அதுதான் சிறந்தது. அதை அடித்தேன். கதவுகூடக் கதையின் ஓட்டத்துக்குத் தடையாக இருப்பதாகத் தோன்றியதால் அதையும் அடித்தேன்.

உச்சக்கடையில் இருக்கும் அத்தை, 'எங்க வீட்டுல வந்து நில்லுங்க' என்று ஒரு தடவை சொன்னதாகப் பேச்சுவாக்கில் ஜின்சி சொல்லியிருந்தாள். அத்தை கூப்பிட்டது உண்மை. இரண்டே அறையில் ஏற்கெனவே ஏழு பேர் என்பதால் இவர்கள் போகாததும் உண்மை. நான் முதல் உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டேன். 'இன்று நாங்கள் உச்சக்கடையில் அத்தை வீட்டில் புதிய வாழ்வைத் தொடங்கியிருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் தென்னந்தோப்பு. இங்கே கடலின் சத்தம் கேட்பதில்லை' என்று அவள் சொல்வதாகவே எழுதி, அவளுக்கே வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அது எனக்குப் பாராட்டாகத்தான் கேட்டது.

"வீடு கொள்ளாம் சாரே, நல்ல வீடு. ஒரு நாளு எங்களையும் அங்க கூட்டிட்டுப் போங்க."

வெளியீட்டு விழா

நெய்யாற்றின்கரையில் ஒரு மண்டபத்தில் விழா. புத்தகம் ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் மலையாளம். ஆகவே ஜின்சியின் அத்தை வீடு இரண்டு மொழியிலும் எழும்பியது. சிறப்பு விருந்தினர் நாற்பத்தொன்றாம் பக்கத்துக் கடைசிப் பத்தியைத் தழுதழுத்த குரலில் வாசித்தார். மதியம் பூமிக்குப் பாரமில்லாத உணவு: வரகரிசிச் சோறு, கீரை, பாக்குமட்டைத் தட்டு. "மீனப் பத்தி இவ்வளவு நேரம் பேசினியளே, ஒரு துண்டு கண்ணுல காணல்லியே" என்று மரியதாசன் தட்டைத் தடவிப் பார்த்தார்.

கிளம்பும்போது மறுவாழ்வுக் குடியிருப்புக்குப் பட்டியல் தயாரிக்கும் அதிகாரிக்கு நானே கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி கொடுத்தேன். அரசு இதை வாசிக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். திரும்பும் வழியில், அத்தை வீட்டைப் பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று முதல் தடவையாக ஒரு சின்ன உறுத்தல் வந்தது. பிஜுவிடம் சொன்னேன். அவர் பைக்கை ஓட்டிக்கொண்டே ஆறுதல் சொன்னார்.

"பேடிக்காதீங்க சாரே. நம்ம புஸ்தகத்த இது வரைக்கும் யாரு வாசிச்சிருக்கு?"

வாசகர்

பட்டியல் ஒட்டினார்கள். கேம்பில் இருந்த எல்லாக் குடும்பமும் இருந்தது. மரியதாசன் குடும்பம் மட்டும் இல்லை. வேறு தங்குமிடம் கிடைத்தவர்கள் முதல் பட்டியலில் வர முடியாது என்பது விதி. அதிகாரி விசாரிக்க வந்த நாளில் இவர்கள் மூன்று பேரும் கேம்பில் இல்லை: ஒருவர் கடலில், ஒருவர் சந்தையில், ஒருத்தி கல்லூரியில். இல்லாதவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்பதற்கு அதிகாரியின் மேஜையில் ஆதாரம் இருந்தது. எங்கள் புத்தகம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில், உச்சக்கடை என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் அழகாக ஒரு கோடு.

மனிதர் நல்லவர். எங்கள் வெளியீடு ஒன்றை அட்டையிலிருந்து அட்டைவரை படித்த ஒரே வாசகர் அவர்தான். அவரை எப்படிக் கோபித்துக்கொள்வது? நான் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

"இத வாசிச்சு என் கண்ணு நெறஞ்சுபோச்சு சாரே, அந்தப் பிள்ளைக்கு ஒரு எடம் கெடச்சுதேண்ணு. சாரமில்ல, போனது போட்டும். நான் எழுதினது பொய்யாக்கும்ணு ஒரு வரி எழுதித் தாங்க, இப்பவே சேத்துப்போடலாம்."

இரண்டு எழுத்து

எழுதவில்லை. அலுவலகத் தாளில் முறையாக எழுதித் தருகிறேன் என்று வந்துவிட்டேன். பொய் என்று எழுதினால் புத்தகத்தில் உள்ள மற்றப் பிள்ளைகளின் கதைகளையும் பொய் என்பார்களே என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம், அந்தச் சொல்லுக்குக் கீழே என் பெயர் வரும் என்பது. புனைவு என்று எழுதினேன், அடித்தேன். கற்பனை என்று எழுதினேன், அடித்தேன். நான்காம் நாள் 'தொகுப்பாசிரியரின் படைப்புரீதியான விரிவாக்கம்' என்ற சொற்றொடர் அமைந்தது. திருப்தியாக இருந்தது. மூன்று பக்கக் கடிதம், பிழையே கிடையாது.

அதிகாரிக்கு அது விளங்கவில்லை, மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடத்துக்கும் விளங்கவில்லை. சம்பந்தப்பட்ட குடும்பம் உச்சக்கடையில் வசிக்கிறதா, இல்லையா என்று விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. 'இல்லை. நான் எழுதியது பொய்' என்று நான் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, முதல் பட்டியலைக் கையெழுத்திட்டு மூடியிருந்தார்கள். அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்டதற்கு, அடுத்த கட்டடம் கட்டும்போது என்றார்கள். பிஜுவோடு படி இறங்கினேன். பைக்கை எடுக்கும்போது அவர் சொன்னார்.

"ரெண்டெழுத்து சாரே. அத எழுததுக்கு உங்களுக்கு மூணு பக்கம் வேண்டிவந்துது."

சாவி கொடுத்த மறுநாள்

மற்றக் குடும்பங்கள் சாவி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கேம்புக்குப் போனபோது முற்றத்தில் ஒரு மினிலாரியின் டயர்த்தடம் மட்டும் இருந்தது. இரண்டாம் வகுப்பறை திடீரென்று பெரிதாகியிருந்தது. மறைக்க வேண்டிய பக்கத்துக் குடும்பம் இல்லாததால் ஸ்டெல்லா திரையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பில் 'காப்போம்' மட்டும் மேலே தெரிந்தது. சுவரில் கதவு சாய்ந்திருந்தது. மரியதாசன் வெளியே மாங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கன்று முழங்கால் உயரம் வந்து, புதிதாகச் செந்தளிர் விட்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "காய்க்கட்டும் சாரே, திங்கதுக்கு ஆளு உண்டு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கன்று நன்றாக வருகிறதே என்ற சந்தோஷத்தோடு சொன்னார்.

ஜின்சி கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வழிநெடுக யோசித்து வைத்திருந்த வாக்கியங்களையெல்லாம் விட்டுவிட்டேன். "நான் எழுதினது பொய், மோளே" என்றேன். முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. இவ்வளவு எளிய வாக்கியம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் செருப்பின் வாரை மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அது எனக்குத் தெரியுமே சாரே. தெரியாதவங்க கேட்டப்போ சொல்லியிருக்கணும்."

இந்தத் தொழிலில் நான் கட்டிக்கொடுத்த வீடு இன்றுவரை ஒன்றே ஒன்று: நாற்பத்தொன்றாம் பக்கத்தில், தென்னந்தோப்பைப் பார்த்த ஜன்னலோடு, கதவு மட்டும் இல்லாமல்.